இளஞ்சிவப்புக் குளியலறையில் எதைக் காப்பது, எதை மாற்றுவது

1940இல் அமெரிக்க அரசு மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு வீடுகளையும் முதன்முறையாகத் தனியே கணக்கெடுத்தது. வீட்டுக்குள் குழாயில் தண்ணீர் வருகிறதா, குளிக்கத் தொட்டியோ ஷவரோ உண்டா, ஃப்ளஷ் டாய்லெட் உண்டா, இவையெல்லாம் அந்த ஒரு குடும்பத்துக்கே உரியவையா என்று வீடுவீடாகக் கேட்டார்கள். நூற்றுக்கு 45 வீடுகளில் இவற்றில் ஏதாவது ஒன்று இல்லை. 1950இல் அது 35 ஆனது. 1960இல் 17க்கு வந்துவிட்டது. உலகின் மிகப் பணக்கார நாட்டில்கூட முழுமையான குளியலறை என்பது மிகப் பெரும்பாலான வீடுகளுக்கு எட்டியது அந்த இருபது ஆண்டுகளில்தான்.

அப்போது கட்டிய குளியலறைகளில் ஏராளமானவை இன்றும் உபயோகத்தில் இருக்கின்றன. இளஞ்சிவப்பு டைல், கறுப்பு ஓரம், அதே நிறத்தில் வாஷ்பேசின், டாய்லெட், தொட்டி, சுவருக்குள் பதித்த பீங்கான் சோப்புத் தட்டு. பழைய வீட்டை வாங்குகிறவர் முதலில் இடிக்க நினைப்பது இதைத்தான். ஒப்பந்தக்காரரும் முழுவதையும் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போடுவதே சுலபம் என்பார். இன்னொரு பக்கம், இந்தக் குளியலறைகளைக் காப்பாற்ற வேண்டும் என்று இயக்கமே நடத்துகிறவர்களும், இல்லாத வீட்டில் பழைய பொருள்களைத் தேடி வாங்கிப் பொருத்துகிறவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பும் குளியலறையை ஒரே பொருளாகப் பார்ப்பதுதான் சிக்கல். அதிலுள்ள டைலுக்கும் டாய்லெட்டுக்கும் ஒரே நியாயம் பொருந்தாது. சுவரோடு பிணைந்தவை பெரும்பாலும் காக்கத் தகுந்தவை. தண்ணீரையும் மின்சாரத்தையும் கையாள்பவை பெரும்பாலும் மாற்றத் தகுந்தவை. குழாய்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன.

நிறங்கள் 1950களில் திடீரென்று வந்தவை அல்ல. விஸ்கான்சினில் ஜான் மைக்கேல் கோலர் 1883இல், பன்றி வெட்டுகிறவர்கள் உபயோகிக்கும் வெந்நீர்த் தொட்டிக்கு எனாமல் பூசி, நான்கு கால் வைத்துக் குளியல் தொட்டியாக விற்றார். அந்த நிறுவனம் 1927இல் தொட்டி, வாஷ்பேசின், டாய்லெட் மூன்றையும் ஒரே நிறத்தில் தந்தது. இது சாதாரணக் காரியம் இல்லை. தொட்டி எனாமல் பூசிய வார்ப்பிரும்பு, டாய்லெட் சுட்ட பீங்கான். இரண்டும் வேறு வேறு சூளையில், வேறு வேறு வெப்பத்தில் வேகின்றன; இரண்டிலும் ஒரே பச்சையை வரவழைப்பது பெரிய வேலை. 1929இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் கோலரின் கறுப்புக் குளியலறைச் சாமான்களைக் கலைப்பொருளாகவே காட்சிக்கு வைத்தது. ஆனால் உடனே பொருளாதார வீழ்ச்சி, அதன்பின் போர். இரும்பும் பித்தளையும் ஆயுதத் தொழிலுக்குப் போயின. பதினைந்து ஆண்டுகள் வண்ணக் குளியலறை பணக்காரர் வீட்டுப் பொருளாகவே இருந்தது.

போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு 1944ஆம் ஆண்டுச் சட்டம் எளிய வீட்டுக் கடனுக்கு வழிசெய்தது. நியூயார்க் அருகே லெவிட்டவுனில் 1947 முதல் 1951க்குள் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. தொடக்க கால வீடு ஒன்றின் பரப்பு 750 சதுர அடி. குளியலறை ஒன்றே ஒன்று. நாடு முழுவதும் இந்த வகை வீடுகளில் ஐந்தடி அகலம், எட்டடி நீளம் உள்ள குளியலறை ஏறக்குறைய வாய்ப்பாடாகிவிட்டது. 1953 ஜனவரியில் ஐசனோவர் அதிபரானார். பதவியேற்பு விழா நடனத்துக்கு அவர் மனைவி மேமி இரண்டாயிரத்துக்கும் அதிகமான கற்கள் பதித்த இளஞ்சிவப்பு உடையில் வந்தார். வெள்ளை மாளிகையில் தங்கள் அறைகளிலும் அவர் அதே நிறத்தை நிறைத்தார். இளஞ்சிவப்பு அதற்கு முன்பே சந்தையில் இருந்தது என்றாலும் அவருக்குப் பிறகு அது ஒரு நாட்டின் நிறமானது. கெட்டிஸ்பர்க்கில் அவர்கள் ஓய்வுக்காலத்தில் வாழ்ந்த பண்ணை வீடு இன்று தேசியப் பூங்காத் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. அங்கே மேமியின் குளியலறை இளஞ்சிவப்பாகவே இருக்கிறது.

காப்பதற்கு முதல் காரணம் அழகு அல்ல, சுவர். 1950களின் பாதிவரை நல்ல கொத்தனார்கள் டைலைப் பசையில் ஒட்டவில்லை. மரச் சட்டத்தின் மேல் இரும்புக் கம்பி வலை அடித்து, அதன்மேல் ஏறக்குறைய ஓரங்குலத் தடிமனுக்குச் சிமென்ட் கலவை பூசி, ஈரம் காய்வதற்குள் டைலைப் பதித்தார்கள். மூலைகளில் வளைந்த டைல், விளிம்பில் மழுங்கிய முனை கொண்ட டைல், தொட்டியோடு சேரும் இடத்துக்குத் தனி டைல் என்று ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு துண்டு உண்டு. மெல்லிய பூச்சில் டைல் ஒட்டும் சிமென்ட் பசை 1950களின் பின்பகுதியில்தான் பரவியது. அதன்பின் ஜிப்சம் பலகையில் ஒட்டும் வழக்கம் வந்தது. பழைய கலவைச் சுவர் எழுபது ஆண்டு நீராவியில் நின்றும் தட்டினால் கல்போல் ஒலிக்கிறது. அதை உடைத்து இன்று சாதாரண விலையில் கட்டித்தரும் சுவர் அந்தத் தரத்தை எட்டுவதில்லை. அதே சுவரை அதே முறையில் திரும்பக் கட்டத் தெரிந்த கைகளும் அருகிவிட்டன. தட்டிப் பார்க்கும்போது டப்பென்று வெற்றொலி கேட்டால், டைல் அசைந்தால், ஷவர் பக்கத்து மரம் உளுத்திருந்தால் அந்தச் சுவர் போகட்டும். மற்றபடி அதை இடிக்கக் காரணம் இல்லை.

நான்கைந்து டைல் மட்டும் உடைந்திருந்தால் முழுச் சுவரையும் தியாகம் செய்ய வேண்டியதில்லை. அக்காலத்துச் சதுர டைல் நாலேகால் அங்குலம். அந்த அளவில் இன்றும் டைல் செய்கிறார்கள். நிறம்தான் சிக்கல், சூளைக்குச் சூளை சாயல் மாறும். அனுபவமுள்ளவர்கள் டாய்லெட்டுக்குப் பின்னால், அலமாரிக்குள் போன்ற மறைவான இடத்திலிருந்து அதே சுவரின் டைலைப் பெயர்த்துக் கண்ணில் படும் இடத்தில் பொருத்துகிறார்கள். மறைவிடத்தில் புது டைல் போய் உட்காரும். ஒன்று முக்கியம்: பழைய டைலின் மெருகில் ஈயம் இருக்கக்கூடும். உலர்ந்த நிலையில் அறுத்துப் புழுதி கிளப்பக் கூடாது.

இந்தக் குளியலறைகளின் உண்மையான செல்வம் சிறு சாமான்களில் இருக்கிறது. இடம் சிறியது, ஆகவே எல்லாவற்றையும் சுவருக்குள் தள்ளினார்கள். சோப்புத் தட்டு ஆறங்குலக் குழியில் உட்கார்ந்தது. டாய்லெட் பேப்பர் உருளையும் சுவருக்குள். லாஸ் ஏஞ்சலிஸின் ஹால்மேக் நிறுவனம் இதில் முன்னோடி. டம்ளரும் பல்துலக்கியும் வைக்கும் அதன் பெட்டி ஒன்று சுவருக்குள் சுழலும். திருப்பினால் எல்லாம் வெளியே வரும். மறுபடி திருப்பினால் பளிச்சென்ற குரோமியம் தகடு மட்டும் தெரியும். அதே நிறுவனத்தின் இன்னொரு பொருளில் டாய்லெட் பேப்பர், பத்திரிகை, சிகரெட் எல்லாவற்றுக்கும் ஒரே குழியில் இடம் உண்டு. எடை பார்க்கும் கருவிகூடச் சுவரிலிருந்து மடித்து இறக்கும்படி வந்தது. ஓரடி தரையையும் வீணாக்காத இந்தத் திட்டம் இன்றைய சிறு அடுக்ககங்களுக்குக் கற்றுத்தரக்கூடியது நிறைய.

குறைகளும் உண்டு. பீங்கான் பல்துலக்கித் தாங்கியின் துளைகள் அக்காலத்து மெல்லிய கைப்பிடிகளுக்கானவை. இன்றைய தடித்த துலக்கிகள் நுழைவதில்லை. பேப்பர் குழியில் இன்றைய பெரிய உருளை அடங்காது. முன்னே நீட்டிவைக்கும் துணைக்கம்பி வாங்க வேண்டும். இவை சில்லறைச் சிக்கல்கள். ஆனால் சோப்புத் தட்டோடு சேர்ந்த பீங்கான் கைப்பிடி ஆபத்தானது. அது நனைந்த துணி தொங்கவிடத்தான் லாயக்கு. வழுக்கும்போது முழு உடல் எடையோடு அதைப் பற்றினால் கையோடு பிடுங்கிக்கொண்டு வரும், உடைந்த பீங்கான் கத்தியாக வெட்டும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அதை அப்படியே விட்டுவிட்டு, சுவருக்குள் இருக்கும் மரச் சட்டத்தில் முடுக்கிய உலோகக் கைப்பிடியைத் தனியாகப் பொருத்த வேண்டும்.

மருந்து அலமாரியின் பின்தகட்டில் மெல்லிய ஒரு பிளவு இருக்கும். மழித்து முடித்த பிளேடைப் போட அது. பிளேடு எங்கே போகும் என்றால் எங்கும் போகாது, இரண்டு சட்டங்களுக்கு நடுவே சுவருக்குள்ளேயே விழுந்து கிடக்கும். ஒரு குடும்பத்தின் முப்பது நாற்பது ஆண்டு பிளேடுகள் துருவேறிக் குவிந்திருப்பதைச் சுவர் திறக்கிறவர்கள் வழக்கமாகக் காண்கிறார்கள். அலமாரியைக் கழற்றுமுன் தடித்த கையுறை அவசியம். அலமாரி துருப்பிடிக்காத நிலையில் இருந்தால் காப்பது நல்லது; ஆனால் பக்கவாட்டில் குழல் விளக்கு இருந்தால் அதன் உள் வேலையை மாற்ற வேண்டும். 1979க்கு முந்தைய விளக்குச் சோக்குகளில் பி.சி.பி. என்ற நச்சு எண்ணெய் இருக்கலாம். வெளிக்கூட்டை வைத்துக்கொண்டு எல்.ஈ.டி. விளக்கு போட்டால் தோற்றமும் போகாது, ஆபத்தும் போய்விடும்.

தொட்டிக்கு வருவோம். செந்தழலாகக் காய்ந்த வார்ப்பிரும்பின்மேல் கண்ணாடித் தூளைத் தூவி உருக்கிப் பெற்ற மேற்பரப்பு அது. ஐந்தடித் தொட்டி ஏறக்குறைய 140 கிலோ. வெந்நீரின் சூட்டை அது பிடித்துவைப்பதுபோல் பிளாஸ்டிக் தொட்டி பிடித்துவைப்பதில்லை. முழுதாக வெளியே எடுப்பது கடினம் என்பதால் பெரும்பாலும் சம்மட்டியால் நொறுக்கியே அகற்றுகிறார்கள். பளபளப்பு மங்கியது பெரும்பாலும் பல ஆண்டு கரகரப் பொடி போட்டுத் தேய்த்ததன் விளைவு. மங்கல் பழகிக்கொள்ளக் கூடியதே என்று நான் நினைக்கிறேன். எனாமல் பெயர்ந்து இரும்பு தெரியும்வரை மறுபூச்சுக்குப் போக வேண்டியதில்லை. பழைய எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. சின்னக் குழந்தைகள் குளிக்கும் தொட்டி என்றால் பரிசோதித்துவிடுவது நல்லது.

மறுபூச்சு பற்றி விற்பனை விளம்பரங்கள் சொல்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பழைய பூச்சைக் கரைக்கத் தொழிலாளிகள் மெத்திலீன் குளோரைடு கலந்த திரவத்தைப் பயன்படுத்தினார்கள். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தொட்டிக்குள்ளேயே தேங்கும். தொட்டிக்குள் குனிந்து சுரண்டுகிறவர் அதையே மூச்சாக இழுப்பார். ஜன்னலில்லாத சிறு அறையில் நிமிடங்களில் மயக்கம், பிறகு மரணம். 2000 முதல் 2011வரை அமெரிக்காவில் தொட்டிக்கு மறுபூச்சு செய்த 13 பேர் இப்படி இறந்ததாக நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார இதழ் 2012இல் பதிவு செய்தது. பூச்சு அகற்றும் திரவமாக இதைப் பொதுமக்களுக்கு விற்பதற்கு 2019இல் தடை வந்தது; 2024இல் தடை மேலும் விரிந்தது. தொட்டியைப் புதுப்பிக்க ஆள் கூப்பிடுகிறவர் எந்தத் திரவம், எப்படிக் காற்றோட்டம் என்று கேட்பது விலை கேட்பதைவிட முக்கியம். மலிவு விலைக்குப் பின்னால் ஒரு தொழிலாளியின் உயிர் இருக்கலாம்.

வாஷ்பேசினில் இரு வகை. ஒன்று சுவரில் தொங்கி, முன்னே இரண்டு குரோமியம் கால்களில் நிற்பது. கால்களை இணைக்கும் கம்பியே துண்டு போடும் இடம். மற்றது ஃபார்மைகா மேடையில் எவர்சில்வர் வளையத்தால் இறுக்கியது. முதல் வகை என்றும் நிலைக்கும். இரண்டாவதில் வளையத்துக்கு அடியில் உள்ள பிடிகள் துருப்பிடித்துத் தளர்ந்து, நீர் கசிந்து மேடை ஊதிப்போவது வழக்கம். வளையத்தையும் பிடிகளையும் மாற்றலாம். ஊதிய மேடையைத் தேற்ற முடியாது.

குழாய்களில் தயக்கம் எனக்குக் குறைவு. நல்ல நிறுவனங்களின் குழாய்கள் கனத்த பித்தளை, மேலே குரோமியம் முலாம். கசிவு என்றால் பெரும்பாலும் ஒரு ரப்பர் வாஷர், இல்லாவிட்டால் அது உட்காரும் பித்தளை இருக்கை. இரண்டையும் அரைமணியில் மாற்றலாம். ஹென்றி டிரேஃபஸ் கிரேன் நிறுவனத்துக்காக வடிவமைத்த சாமான்கள் இன்றும் கையில் பிடித்தால் இன்பமானவை. கிரேன், எல்ஜர் ஆகிய பெயர்கள் 2008இல் அமெரிக்கன் ஸ்டாண்டர்டு குழுமத்தோடு ஒன்றாகிவிட்டன. இருந்தாலும் பழைய உதிரிப் பாகங்களை மட்டுமே விற்கும் கடைகள் இருக்கின்றன. வாங்கும்போது கவனிக்க வேண்டியது கைப்பிடி. துத்தநாக வார்ப்பில் செய்த மலிவுக் கைப்பிடிகளில் முலாமுக்கு அடியிலிருந்து புள்ளி புள்ளியாக அரிப்பு கிளம்பும்; அதற்கு மருந்தில்லை. குடிக்க நீர் பிடிக்கும் குழாய் என்றால் வேறு விஷயமும் உண்டு. பழைய பித்தளையில் ஈயம் கலந்திருந்தது. 2014 ஜனவரி முதல் விற்கும் குடிநீர்க் குழாய்களில் நீர் படும் பரப்பில் ஈயம் சராசரியாக 0.25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். பல் துலக்கிக் கொப்பளிக்கும் இடத்தில் புதிய குழாயும், தொட்டியில் பழைய குழாயும் என்று பிரித்துக்கொள்வது என் தேர்வு.

ஷவர் வால்வில் இந்தச் சலுகை வேண்டாம். பழைய இரண்டு, மூன்று கைப்பிடி வால்வில் வீட்டின் வேறு மூலையில் யாராவது டாய்லெட்டை ஃப்ளஷ் செய்தால் குளிர்ந்த நீரின் அழுத்தம் திடீரெனக் குறைந்து, ஷவரில் கொதிநீர் மட்டும் இறங்கும். அழுத்தத்தைச் சமன் செய்யும் வால்வு இதைத் தடுக்கிறது. இன்றைய பிளம்பிங் விதிகள் அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. இதற்காக டைல் சுவரை உடைக்க வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம். மறுபக்கம் துணி அலமாரியோ படுக்கையறையோ இருந்தால் அந்தச் சாதாரணச் சுவரைத் திறந்து பின்பக்கமாக வேலையை முடிக்கலாம். முன்னே எஞ்சும் துளைகளை அகலத் தகடு ஒன்று மூடிவிடும். இதைச் சொல்லாத பிளம்பரிடம் நீங்களாகவே கேட்க வேண்டும்.

பழைய பொருள் ரசிகர்களோடு நான் முரண்படும் இடம் டாய்லெட். அதன் ஃப்ளஷ் தொட்டியின் உட்சுவரிலோ மூடியின் அடியிலோ அது தயாரான தேதி பீங்கானிலேயே பதிந்திருக்கும். வீட்டின் வயதையே அதை வைத்துக் கணிப்பார்கள். அழகுதான். ஆனால் ஒவ்வொரு ஃப்ளஷுக்கும் அது ஐந்து கேலன், அதாவது 19 லிட்டர் குடிக்கும். இன்னும் அதிகம் குடிப்பவையும் உண்டு. 1992ஆம் ஆண்டு எரிசக்திச் சட்டம் 1994 முதல் புதிய வீட்டு டாய்லெட்டுக்கு 1.6 கேலன், சுமார் 6 லிட்டர் என்று வரம்பு கட்டியது. தண்ணீர்ச் சிக்கனத்துக்கான வாட்டர்சென்ஸ் முத்திரை பெற்றவை 4.8 லிட்டரில் வேலையை முடிக்கின்றன. நாலு பேர், ஆளுக்கு ஐந்து முறை என்று வைத்தால் பழையதற்கு நாளொன்றுக்கு 380 லிட்டர், ஆறு லிட்டர் வகைக்கு 120. மிச்சம் ஆண்டுக்கு ஏறக்குறைய 95,000 லிட்டர். குடிநீராகச் சுத்திகரித்த தண்ணீரை இவ்வளவு கொட்டிவிட்டு வடிவழகைப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை. கலிஃபோர்னியாவில் 1994க்கு முந்தைய தனி வீடுகளில் இவற்றை 2017க்குள் மாற்றியிருக்க வேண்டும் என்றே சட்டம் இருக்கிறது. நிறப் பொருத்தம் கெடுமே என்பவர்கள் வெள்ளை டாய்லெட்டைத் தயங்காமல் வைக்கலாம். அறையில் வேறெங்காவது வெள்ளை தொட்டுக்கொண்டால் போதும். இல்லையென்றால் 2023இல் தன் 150ஆம் ஆண்டையொட்டி, கோலர் மக்கள் வாக்கெடுப்பின்படி ஸ்பிரிங் கிரீன், பீச்ப்ளோ ஆகிய பழைய இரு நிறங்களைத் திரும்பக் கொண்டுவந்தது. தேடுகிறவருக்கு வழி உண்டு.

மின்சாரத்தைப் பற்றி நீட்டத் தேவையில்லை. குளியலறை பிளக் பாயின்ட்டில் மின்கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் துண்டிக்கும் அமைப்பு வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 1975இல்தான் வந்தது. அதற்கு முந்தைய அறைகளில் அது இருக்காது. சுவருக்குள் பதித்த பழைய மின்கணப்பும் அப்படியே. எலக்ட்ரீஷியன் பார்த்து நல்லது என்று சொல்லாதவரை அதை எரியவிடக் கூடாது. தரையில் ஒன்பது அங்குலச் சதுர வினைல் துண்டுகள் இருந்தால் அவற்றிலும் அவற்றை ஒட்டிய கறுப்புப் பசையிலும் கல்நார் இருக்க வாய்ப்பு அதிகம். பெயர்க்காமல் அதன்மேலேயே புதுத்தரை போடுவது பாதுகாப்பானது. 1978க்கு முந்தைய வீட்டில் கூலிக்கு வேலை செய்கிறவர் ஈயப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்பது 2010 முதல் விதி.

பழைய சாமான்களைத் தேடி வாங்குகிறவர்களுக்கு ஹேபிடட் ஃபார் ஹ்யூமானிட்டி அமைப்பின் ரீஸ்டோர் கடைகள் நல்ல இடம். இடிபடும் வீட்டுப் பொருள்கள் அங்கே வந்து சேரும். விற்ற பணம் ஏழைகளுக்கு வீடு கட்டப் போகிறது. பெட்டியே பிரிக்காமல் எழுபது ஆண்டு கிடங்கில் தூங்கிய சாமான்களும் சில சமயம் கிடைக்கின்றன. ஆனால் இணையத்தில் வாங்கிப் பார்சலில் வரும் பீங்கான் நொறுங்குவது சகஜம். குரோமியம் துண்டுக் கம்பி, கண்ணாடித் தட்டு, கொக்கி போன்றவை தைரியமாக வாங்கத் தகுந்தவை. புதுச் சுவரில் பழைய சாமான்களை ஒட்டிப் பழங்காலம் படைப்பதைவிட, இருக்கிற பழைய அறையைப் பழுது பார்ப்பது பல மடங்கு மதிப்புள்ளது. முன்னது அலங்காரம். பின்னது ஒரு தலைமுறைக் கைவேலையைக் காப்பது.

பழைய குளியலறை எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். தொட்டியின் உயர்ந்த விளிம்பை முழங்கால் வலிக்காரரால் தாண்ட முடியாது. சக்கர நாற்காலி ஐந்தடி அறைக்குள் திரும்பாது. உடல் கேட்கும்போது சுவர் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். விற்கும்போது விலை குறையும் என்ற பயத்துக்கு மட்டும் நான் அவ்வளவு மதிப்புத் தரமாட்டேன். 2018இல் அமெரிக்காவில் கட்டுமான, இடிப்புக் கழிவு 60 கோடி டன்; அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இடிப்பில் வந்தது. இன்னும் முப்பது ஆண்டு நிற்கக்கூடிய சுவரை அடுத்து வாங்கப்போகிறவரின் ரசனையை ஊகித்து அந்தக் குவியலில் சேர்ப்பது நியாயமில்லை.

அமெரிக்காவில் வீடு வாங்கும் நம்மவர்களில் பலர் இப்படிப்பட்ட பழைய புறநகர்களில்தான் குடியேறுகிறார்கள். குடிபுகுமுன் குளியலறையைப் பெயர்த்துவிட வேண்டும் என்று முடிவெடுக்காதீர்கள். ஒரு குளிர்காலமாவது அதில் குளித்துப் பாருங்கள். டாய்லெட்டையும் பிளக் பாயின்ட்டையும் முதல் வாரத்திலேயே மாற்றுங்கள், ஷவர் வால்வைப் பின்சுவர் வழியாக மாற்றச் சொல்லுங்கள். டைலையும் தொட்டியையும் சுவருக்குள் இருக்கும் அந்தச் சோப்புத் தட்டையும் விட்டுவையுங்கள்.